பழைய வண்டியும் புதிய பாடமும்

மும்பையில் வாழ்வோரிடம் தேவ்நார் என்று சொல்லிப் பாருங்கள். முகத்தைச் சுளிப்பர். "குப்பைமேடா?" என்பர். 1927 முதல் இம்மாநகரின் கழிவு வந்து குவிந்த இடமன்றோ அது? 2016-ஆம் ஆண்டு சனவரியில் அந்த மேடு தீப்பற்றி எரிந்தபோது, நகரின் பெரும்பகுதியைப் புகை மூடிற்று. அதே தேவ்நாரில்தான் 1954 முதல் டாடா சமூக அறிவியல் கழகமும் இயங்கி வருகிறது. எறிவதற்கு ஓரிடம், அறிவதற்கு ஓரிடம். இரண்டும் அண்டை அயல்.

இவ்விரண்டுக்கும் இடையே, என் மாமா வீட்டுக் கார் கொட்டகையில், ஓராண்டுக் காலம் நான் வேறொரு பாடம் படித்தேன். அங்கே கார் கிடையாது. சாக்குப் போர்த்திய மோட்டார் சைக்கிள் ஒன்று சுவரோரம் நின்றது. அதைப் பழுது பார்த்து ஓடவைத்த கதையைச் சொல்லி என்னை நானே மெச்சிக்கொள்வது என் நோக்கமன்று. அந்தக் கொட்டகையில் கிடைத்த கல்வி நம் கல்லூரிகளில் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்கவே எழுதுகிறேன்.

வண்டி 350 சி.சி. புல்லட். 1978-இல் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. மாமா டிராம்பேயில் வேலை பார்த்த நாளெல்லாம் அதில்தான் போய்வந்தார். முழங்கால் வலி வந்ததும் நிறுத்திவிட்டார். நின்ற வண்டியை இருபது ஆண்டுகளாகக் கழிமுகத்து உப்புக் காற்று அரித்தது. "எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் அத்தை. பழைய இரும்பு வாங்குபவரும் வந்தார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த இரும்பு யானைக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு மாமா ஒன்றும் பேசவில்லை. வண்டியின் இருக்கையைக் கையால் துடைத்தார், உள்ளே போய்விட்டார். அதைக் கண்டுதான், ஒரு திருகாணியைக்கூட ஒழுங்காக முடுக்கத் தெரியாத நான், "நான் ஓடவைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த வண்டிக்கு ஒரு வரலாறு உண்டு. புல்லட் என்னும் பெயர் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. முதலில் அங்கிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினர்; பிறகு உறுப்புகளையும் இங்கேயே செய்யத் தொடங்கினர். 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றுபோயிற்று. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று! கற்றுக்கொடுத்தவன் கைவிட்ட கலையைக் கற்றவன் காத்தான் என்று நாம் பெருமைப்படலாம். அந்த வண்டிகளின் பெட்ரோல் தொட்டியில் ஓடும் பொன்னிறக் கோடுகளை, அச்சோ அளவுகோலோ இன்றி, தூரிகை பிடித்த கைகள் வரைந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எனக்கு வாய்த்த ஆசிரியரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். நெல்லைச் சீமையிலிருந்து சிறு வயதில் தாராவிக்கு வந்தவர். பள்ளியில் இருந்திருக்க வேண்டிய வயதில், ஒரு மெக்கானிக்கிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். அந்த நிலையை நான் புகழ மாட்டேன். எந்தக் குழந்தைக்கும் அது நேரக்கூடாது. ஆனால் ஐம்பது ஆண்டுகளில் அவர் சேர்த்த அறிவை எந்தச் சான்றிதழும் அளந்ததில்லை என்பதும் உண்மை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஆவலோடு ஸ்பேனரைத் தூக்கினேன். அண்ணாச்சி தடுத்தார். "கழட்டுறது பெரிசில்ல தம்பி. கழட்டுனத எந்த வரிசையில கழட்டுனோம்னு நெனப்புல வைக்கணும்லா?" என்றார். பழைய இட்டிலித் தட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு குழியிலும் ஒரு பகுதியின் நட்டும் வாசரும். ஆய்வுக் குறிப்புகளை வகைப்படுத்துவது எப்படி என்று மூன்று மாதம் வகுப்பில் கேட்டும் எனக்கு விளங்காதது, அந்த இட்டிலித் தட்டில் ஒரே நாளில் விளங்கிற்று.

எஞ்சினைத் திறந்தோம். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 346 கன சென்டிமீட்டர் வரும். பள்ளியில் உருளையின் கன அளவைக் கணக்கிட்டு மதிப்பெண் வாங்கியவன் நான். உருளை என்பது கையில் கனக்கும் ஒரு பொருள் என்று அன்றுதான் உணர்ந்தேன். துருப்பிடித்த சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டன் போட்டோம். பாயிண்ட் இடைவெளியை 0.35-க்கும் 0.40-க்கும் இடைப்பட்ட மில்லிமீட்டரில் வைத்தோம். வால்வை இயக்கும் புஷ்ராடுக்கு அளவுகோல் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது விரலால் உருட்டச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் விதி. அந்தச் சுழற்சி எவ்வளவு இலகுவாக இருக்கவேண்டும் என்பதை எந்த நூலும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. அண்ணாச்சி என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

உதைத்துக் கிளப்புவதற்கும் கல்வி வேண்டும்! சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், முன்விளக்குக் கூட்டின் மேலுள்ள அம்மீட்டர் முள் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்தது, பிஸ்டன் உச்சிக்கு அருகே நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். டிகம்ப்ரஸர் பிடியை இழுத்து அடைபட்ட காற்றை வெளியேவிட்டு, கிக்கரைச் சிறிது தள்ளி, மீண்டும் மேலே கொண்டுவந்து, ஒரே மிதி. முறை தெரிந்தவனுக்கு வலிமை வேண்டுவதில்லை. தெரியாதவனை வண்டி திருப்பி உதைக்கும். என் கணுக்கால் அதற்குச் சாட்சி.

இது ஏதோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணற்க. தமிழகத்தில் இதற்கு முன்னோடி இருக்கிறார். கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவை உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர்சுற்றவில்லை, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அந்த மனிதர்தான் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பேருந்து விட்டார். 1937-இல் மின்மோட்டார் செய்தார். பள்ளிப் படிப்பு ஏறாத ஒருவரின் பல்கலைக்கழகம், ஒரு மோட்டார் சைக்கிளின் வயிற்றில் இருந்தது. இதைச் சொல்லிக் கல்லூரிகளை மூடிவிடலாம் என்று நான் வாதிடவில்லை. கல்லூரிக்குள் அந்த வண்டியைக் கொண்டுவரலாமே என்று கேட்கிறேன்.

இங்கே சிலர் மறுப்புரைப்பர். "பழைய வண்டி புகை கக்கும். மும்பையின் காற்று ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது. இதையெல்லாம் உருக்கிவிடுவதே நல்லது" என்பர். நியாயமான மறுப்பு, தட்டிக் கழிக்கமாட்டேன். என் வண்டியும் புகை கக்கியதுதான். ஒரு கடையில் அசல் என்று சொல்லி விற்ற பிஸ்டன் ரிங்குகள் சில நூறு கிலோமீட்டரிலேயே தேய்ந்தன. நீலப் புகை வந்தது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. இந்த நிற வேற்றுமையை அறிந்தபின், சாலையில் புகை விடும் எந்த வண்டியைக் கண்டாலும் அதன் நோய் எனக்குத் தெரிகிறது. புகையைப் பழிப்பவரில் எத்தனை பேருக்கு அதன் காரணம் தெரியும்? ரிங்குகளை மாற்றினோம், நீலம் நின்றது. ஆயினும் இது நாள்தோறும் ஓட்டும் வண்டி ஆகாது என்பதை ஒப்புகிறேன். மாதம் ஓரிரு முறை வெளியே எடுக்கிறேன். மற்ற நாள்களில் எனக்குக் கோவண்டி நிலையமும் மின்சார ரயிலும் இருக்கின்றன.

"பணக்காரர் விளையாட்டு" என்பது இரண்டாம் மறுப்பு. பளபளப்புக்காகச் செய்தால் அப்படித்தான் ஆகும். உறுப்பெல்லாம் புதிதாக வாங்கி, குரோம் பூசி, கண்ணாடிக் கூண்டில் நிறுத்துவோர் உண்டு. ஐம்பது ஆண்டு கடந்து, பழைய வடிவம் மாறாத வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்ய 2021-இல் நடுவண் அரசு விதி வகுத்தது; புதிய பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய். அந்த எண்பலகை பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. காட்சிப் பொருளைக் காக்க அது உதவும், நன்று. ஆனால் பழுது பார்க்கும் அறிவைக் காக்க எந்த எண்பலகை இருக்கிறது? நான் மாமாவின் வண்டியில் பிரேக்கு, டயர், மின்கம்பி ஆகியவற்றைப் புதிதாகப் போட்டேன். அவை உயிரைக் காப்பவை. அவற்றில் பழமை பாராட்டுவது மடமை. தொட்டியில் மாமாவின் முழங்கால் உரசி மங்கிய வண்ணத்தையும், பாதி அழிந்த பொற்கோட்டையும் தொடவில்லை. ஓடவேண்டியது ஓடட்டும், தேய்ந்தது தேய்ந்ததாகவே தெரியட்டும்.

இனி ஒன்று சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வண்டி முதன்முதலாகக் கிளம்பிய மாலை, அந்த ஓசை கேட்டு அக்கம்பக்கத்தார் கூடிவிட்டனர். மாமாவின் கண் கலங்கியிருந்தது. கூட்டத்தில் ஒருவர் என் முதுகில் தட்டி, "படிக்கிற பையன் நீயே செய்ததா?" என்றார். "ஆமாம்" என்றேன். அண்ணாச்சி நாலடி தள்ளி நின்று பழந்துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. அப்படிப்பட்ட "ஆமாம்"களைக் கேட்டுப் பழகிய முகம் அது. உழைப்பைப் பற்றியும் அதன் மதிப்பைப் பற்றியும் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதுகிறவன் நான். சமயம் வந்தபோது ஓர் உழைப்பாளியின் பெயரை விழுங்கிவிட்டேன். மறுநாள் தாராவிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. என் மவனே இந்தத் தொழில் வேண்டாம்னுட்டான். நீ கத்துக்கிட்டியே, அது போதும்" என்றார்.

அது போதுமா, நண்பர்களே? போதாது என்பதே என் கருத்து. பொருள்களைப் பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி உலகெங்கும் பேசுகின்றனர். நம் நாட்டிலும் 2022-இல் நுகர்வோர் துறை இதற்கெனக் குழு அமைத்தது. அதன் பட்டியலில் மோட்டார் வண்டிகளும் உண்டு. உரிமை கிடைத்தால் மட்டும் போதுமா? பழுது பார்க்கத் தெரிந்த கை வேண்டாமா? அந்தக் கையை மதிக்கும் நெஞ்சு வேண்டாமா? தேவ்நார் மேட்டில் குவிந்தவற்றில் எத்தனையோ, ஒரு கம்பியோ ஒரு திருகாணியோ மாற்றியிருந்தால் மேலும் பத்தாண்டு உழைத்திருக்கும் பொருள்கள். எறிவதை மட்டும் கற்ற தலைமுறையாக நாம் ஆகிவிடக்கூடாது.

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், மலர் வெளியிடுகிறோம். அவற்றோடு வாரத்தில் ஒரு மாலை, ஒரு கொட்டகை, ஒரு பெட்டிக் கருவிகள் என்று தொடங்குவோம். மோட்டார் சைக்கிள்தான் வேண்டுமென்பதில்லை. மிதிவண்டியோ மின்விசிறியோ போதும். மாணவர்க்கு நிகராக மாணவியரும் ஸ்பேனர் பிடிக்கட்டும். தாராவியிலும் குர்லாவிலும் உள்ள தொழிலாளரை ஆசிரியராக அழைப்போம். அவர்களுக்கு உரிய ஊதியம் தருவோம். அழைப்பிதழில் பேராசிரியர்களின் பெயருக்கு அருகே அவர்கள் பெயரையும் அச்சிடுவோம். அவர்கள் வாயில் வழங்கும் பட்டறைச் சொற்களைத் தொகுத்தால், அதுவும் ஒரு தமிழ்ப்பணியே.

மாமாவின் கொட்டகையில் இப்போது இடம் இருக்கிறது. மாமாவும் இசைந்துவிட்டார். மன்றம் முடிவெடுக்கும் வரை ஞாயிறு மாலைகளில் அங்கே கூடலாம். அண்ணாச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கை அழுக்காவதற்கு அஞ்சாதவர் அனைவரும் வருக. வீட்டில் கிடக்கும் பழைய இட்டிலித் தட்டு ஒன்றையும் உடன் கொண்டுவருக.