கணக்குக் காட்டாதவர் பெயர்

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடத்தைத்தான் சொல்கிறோம். பள்ளியில் படித்ததும் அதுவே: ஊர் நிர்வாகக் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆனால், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் என்னை உலுக்குவது வேறொரு விதி.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இல் ஒரு கல்வெட்டு, 921இல் இன்னொன்று. இரண்டே ஆண்டில் விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 ஆனது. அந்த இரண்டாம் கல்வெட்டு கறாராகச் சொல்கிறது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது.

அவர் பெயரை மட்டுமா? அவருடைய தந்தை, மகன், கூடப்பிறந்தவர், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மச்சான், மருமகன் என்று உறவுமுறை ஒன்றுவிடாமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பணம் எந்தெந்த வீட்டு வாசல் வழியாக நழுவும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய பட்டியல் இது. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்குகிறவர்கூட ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். பிறகு உரக்கப் படிக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? ஏரிக்காக என்றே நினைக்கிறேன். பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம்தான் ஊரின் உயிர். தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் பொன் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஏரி வாரியத்தில் ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். அவர்கள் பொன்னைத் தின்றால் கரை உடையும். கரை உடைந்தால் ஊரே பட்டினி.

உத்திரமேரூரை மக்களாட்சியின் தாய்வீடு என்று மேடையில் முழங்கும்போது மட்டும் என் மனம் ஒப்புவதில்லை. அது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும் என்பது பொது விதி. பெண்கள் இல்லை. அந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர்கள், சேற்றை அள்ளிக் கரையில் கொட்டியவர்கள் யார் பெயருக்கும் ஓலை இல்லை. அந்த அநீதியையும் சேர்த்தேதான் சுவரைப் படிக்க வேண்டும்.

இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வாக்கு உண்டு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை உண்டு. அங்கே கையெழுத்து நோட்டு சுற்றி வருகிற வேகத்தில் வரவு செலவு வாசிக்கப்படுவதில்லை. நோட்டை வாங்குகிறவர்கள் பேனாவை மூடிவைத்துவிட்டு, தங்கள் ஊர்க் கண்மாய்க்கு எவ்வளவு வந்தது, வேலையை எடுத்தவர் யார், அவர் தலைவருக்கு என்ன உறவு என்று முதலில் கேட்கட்டும். கையெழுத்து பிறகு.