நூலுக்கு அளக்கும் ஈரம் மூச்சுக்கு வேண்டாமா?

திருப்பூரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் காற்றின் ஈரப்பதத்தை யாரும் தற்செயலுக்கு விட்டுவிடுவதில்லை. காற்று வறண்டால் நூல் அறும். ஈரம் மிகுந்தால் பஞ்சு உருளைகளில் சுற்றிக்கொள்ளும். ஆகவே ஈரப்பதமூட்டும் இயந்திரங்களும் அளவுகருவிகளும் இரவு பகலாக இயங்குகின்றன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் காற்றோட்டம், வெப்பநிலை ஆகியவற்றுக்கு 13ஆம் பிரிவையும், தூசுக்கு 14ஆம் பிரிவையும், செயற்கை ஈரப்பதத்திற்கு 15ஆம் பிரிவையும் ஒதுக்கியிருந்தது. வேலை முடிந்து தொழிலாளி திரும்பும் வீட்டின் காற்றை மட்டும் எவரும் அளப்பதில்லை. அந்தக் காற்றில்தான் அவர் உறங்குகிறார். அவருடைய முதிய தாயும் சிறு குழந்தையும் நாள் முழுவதும் அதையே சுவாசிக்கிறார்கள். மூச்சுத் தொல்லை உள்ளவரின் வீட்டுக் காற்றும் அவருடைய சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் உறுதியான கருத்து.

காரணத்தை உடலின் வழியே விளக்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அது நுரையீரலின் ஆழத்தை அடைவதற்குள் மூக்கும் சுவாசக் குழாய்களும் அதனை 37 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, முழுமையாக ஈரப்படுத்திவிடுகின்றன. மார்கழி விடியலின் குளிர்ந்த காற்றை வாய்வழியே இழுக்கும்போது சுவாசக் குழாயின் உட்சுவர் வெப்பத்தையும் ஈரத்தையும் இழக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது இறுகுகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றும் அங்குள்ள நரம்புகளைத் தூண்டி இருமலையும் இறுக்கத்தையும் உண்டாக்கக்கூடும். புழுக்கத்தில் வியர்வை உலராததால் உடல் வெப்பம் எளிதில் வெளியேறாது; மூச்சு விரைவுபடும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு இந்தக் கூடுதல் உழைப்பே பெருஞ்சுமை.

ஈரம் வேறொரு வழியிலும் தீங்கு செய்கிறது. படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் காற்றின் ஈரத்தைக் கொண்டே உயிர்வாழ்கின்றன. ஈரப்பதம் 50 விழுக்காட்டிற்குக் கீழே நீடித்தால் அவை பெருகுவதில்லை. ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சை படர்கிறது. இவ்விரண்டும் ஒவ்வாமையைத் தூண்டுபவை. ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் வாழ்வோருக்குச் சுவாச நோய்க்குறிகளும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

இனி நம் ஊரின் லைன் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரே அறையில் சமையலும் உறக்கமும். ஒரே ஒரு சன்னல். அதுவும் கொசுவுக்கு அஞ்சி மாலையிலேயே மூடப்படும். சித்திரையில் அட்டைக் கூரை பகலெல்லாம் காய்ந்து உள்ளே அனலை இறக்கும். இரவு ஷிப்ட் முடித்தவர் அந்த வேளையில்தான் உறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்த துணிகள் கட்டிலின் மேலேயே கொடியில் தொங்கும். உலை ஆவியும் அதனோடு சேரும். பனியன் வேஸ்ட் அடைத்த தலையணை அந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வைத்திருக்கும். கொசுவத்தியின் புகை அறைக்குள்ளேயே தங்கும்.

இவற்றில் பலவற்றை அதிகச் செலவின்றி மாற்றலாம். சமைக்கும்போது கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும். துணிகளை மழைக்காலத்திலும் தாழ்வாரத்தில் உலர்த்துங்கள்; கொசுவத்திக்குப் பதிலாகக் கொசுவலை கட்டுங்கள். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் முழுதும் காயவிடுங்கள். கோடையில் நண்பகலில் சன்னலுக்குத் திரையிட்டு, மாலையிலும் விடியலிலும் திறந்துவையுங்கள். கூரைக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெப்பம் குறையும். பஞ்சுத் தூசு படிந்த வேலை உடையை வாசலிலேயே உதறி மாற்றிக்கொள்ளுங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்க இயன்றால், அது 60 விழுக்காட்டிற்கு மேல் காட்டும் நாள்களில் கூடுதல் கவனம் கொள்ளலாம்.

சில நம்பிக்கைகளையும் திருத்திக்கொள்வது நல்லது. மின்விசிறி காற்றைச் சுழற்றுமேயன்றிப் புதுக்காற்றைக் கொண்டுவராது. ஏர்கூலர் வறண்ட கோடையில் உதவும்; சன்னலை மூடிக்கொண்டு இயக்கினால் அறையில் ஈரமே ஏறும், அதன் தட்டியில் பூஞ்சையும் படியும். ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சற்று இதமளிக்கலாம். இறுகிய சுவாசக் குழாயை அது விரிக்காது. கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் ஆபத்தும் உண்டு.

குடியிருப்போரால் மட்டும் ஆகாத பணியும் உண்டு. ஒழுகும் கூரைக்கும் ஓதம் ஏறிய சுவருக்கும் மேலே வெள்ளையடித்தால் பூஞ்சை மீண்டும் வரும். நீர் கசியும் இடத்தை அடைக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு திறப்புகள் இல்லாத அறையில் காற்று ஓடாது. கேட்டால் வாடகை உயருமோ, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அந்த அச்சம் நியாயமானதே. எனினும் தண்ணீர்க் குழாயும் மின்விளக்கும் வாடகை வீட்டின் அடிப்படையாகக் கருதப்படுவதுபோல் ஒரு காற்றுத் திறப்பும் கருதப்பட வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்களை வேண்டிக்கொள்கிறோம். ஒரு குடும்பம் தனியே கேட்கத் தயங்குவதை ஒரே வரிசையில் வாழும் குடும்பங்கள் கூடிக் கேட்கலாம். மருத்துவர்களாகிய நாங்களும் மூச்சுத் தொல்லையோடு வருவோரிடம் இருமலைப் பற்றிக் கேட்பதோடு கூரையையும் சன்னலையும் பற்றிக் கேட்க வேண்டும். நாங்கள் மறந்தால் நீங்களே சொல்லுங்கள்.

வீட்டைச் சீர்செய்துவிட்டோம் என்று இன்ஹேலரை நிறுத்திவிடலாகாது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை அது தொடரட்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாத மூச்சிரைப்பு, உதடு நீலமடைதல், இன்ஹேலர் எடுத்தும் தணியாத இறுக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். மற்ற நாள்களில், இன்று மாலை வீடு திரும்பியதும் நோயாளியின் படுக்கை எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்று பாருங்கள். அச்சுவரில் ஈரம் இருந்தால் படுக்கையைச் சன்னலருகே மாற்றிப் போடுங்கள். அதற்குக் காசு வேண்டியதில்லை.