தர்மகர்த்தாக்களும் மானேஜர்களும்

கம்பெனிகளையும் மில்களையும் நடத்தப்போகிறவர்களுக்குச் சமூகப் பொறுப்பு என்னும் குணத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்தே புகட்டிவிடலாம் என்பதாக ஒரு பிரசாரம் உலகமெங்கும் நடந்துவருகிறது. எம்.பி.ஏ. என்பது அந்தப் பட்டத்தின் பெயர். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை 1908-லேயே இதற்கென ஒரு பள்ளியை ஏற்படுத்திற்று. நம் நாட்டில் 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். என்னும் நிர்வாகக் கழகங்கள் உண்டாயின. 2011-ல் திருச்சிக்கும் ஒன்று வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாக ஆரம்பித்து, 2006-ல் சர்வகலாசாலை அந்தஸ்துப் பெற்ற கலசலிங்கத்திலும் இந்தப் படிப்பு உண்டு. 2007-ல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் பொறுப்புள்ள நிர்வாகக் கல்விக்கென்று கொள்கைகள் வகுக்கப்பட்டு, அநேக பள்ளிகள் அவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. 2009-ல் ஹார்வர்டு மாணவர்கள் யோக்கியமாக நடந்துகொள்ளுவோம் என்று பிரமாணமே செய்துகொண்டார்கள்.

இவையெல்லாம் கெட்ட காரியங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பாடத்தினாலும் பிரமாணத்தினாலும் மாத்திரம் ஒரு மனிதன் தன் கையிலுள்ள அதிகாரத்தைப் பிறர் நன்மைக்கு உபயோகிப்பான் என்று நம்பலாமா என்பதுதான் நமது கேள்வி.

இந்த நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. பணக்காரன் தன் சொத்துக்குத் தர்மகர்த்தாவாக இருந்து ஏழைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று காந்தியார் சொல்லிவந்தார். தர்மகர்த்தா என்றால் யார், அவர் எப்படி இருப்பார் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் ஜனங்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. சாமிக்குப் பயந்தவர், பாவ புண்ணியத்தை நம்புகிறவர், மேலுலகத்தில் கணக்குக் கேட்பார்கள் என்று சொல்லுகிறவர். அப்பேர்ப்பட்டவர்கள் கையில் கோயில் சொத்துக்கள் பத்திரமாக இருந்திருக்குமானால், பனகால் அரசர் மந்திரிசபை தேவஸ்தானச் சட்டம் கொண்டுவந்து 1925-ல் நிறைவேற்ற வேண்டிய அவசியம் என்ன? கடவுளிடத்தில் பயமுள்ளவர்களுக்கே வெளியிலிருந்து ஒருவர் வந்து கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறதென்றால், இரண்டு வருஷப் படிப்பில் ஒரு பாடத்தை வாசித்துப் பரீட்சை எழுதினவருக்கு யாரும் கணக்குப் பார்க்கவேண்டியதில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஐதராபாத் சத்தியம் கம்பெனியின் கதையைப் பாருங்கள். அதன் தலைவர் ராமலிங்க ராஜு அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்தவர். 108 என்னும் அவசர ஆம்புலன்ஸ் சேவையை 2005-ல் ஐதராபாத்தில் தொடங்கிவைத்தவர். அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன என்பதை நாம் மறுக்கவில்லை. அவருடைய டைரக்டர் சபையில் ஹார்வர்டு நிர்வாகப் பள்ளியின் பேராசிரியர் ஒருவரும், ஐதராபாத் நிர்வாகப் பள்ளியின் தலைவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல நிர்வாகத்துக்கென்று 2008-ல் அந்தக் கம்பெனிக்குப் பரிசும் கிடைத்தது. 2009 ஜனவரி 7-ந் தேதி, பாங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் பொய்க்கணக்கு என்று அவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். 2015-ல் நீதிமன்றம் ஏழு வருஷ தண்டனை விதித்தது. அப்பீல் செய்து ஜாமீனில் வெளியே வந்தார். அந்தப் பேராசிரியர்கள் திருடினார்கள் என்று நாம் சொல்லவில்லை. படிப்பும், பரிசும், தருமமும், பெரிய பெயர்களும் ஒன்றாகக் கூடியிருந்தும் பொய்க்கணக்கைத் தடுக்கவில்லை என்றுதான் சொல்லுகிறோம்.

அது தூரத்து விஷயம் என்று தோன்றினால் பக்கத்திலேயே பார்ப்போம். இராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா பஞ்சாலை ஆரம்பித்ததுமுதல் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நூற்பு வேலை பழக்கமானது. சத்திரப்பட்டியில் தறிபோட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்கிறார்கள். ஆகவே மில் என்றால் என்ன, மானேஜர் என்றால் என்ன என்பது இங்குள்ள பெண்களுக்குக்கூடத் தெரியும். தமிழ்நாட்டுப் பஞ்சாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்ததே, அதையும் அவர்கள் அறிவார்கள். வயது வந்தும் வராததுமான கிராமத்துப் பெண்களை விடுதியில் அடைத்து, மூன்று வருஷம் வேலை வாங்கி, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாகக் கொடுப்பதுதான் அந்தத் திட்டம். நோய்வந்தோ பொறுக்கமாட்டாமலோ நடுவில் போனவள் அந்தத் தொகையை இழந்தாள். வரதட்சணை கூடாதென்று 1961-ல் சட்டம் வந்த நாட்டில், அந்த வரதட்சணைப் பயத்தையே ஆள்பிடிக்கும் தூண்டிலாக்கி, தாலியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இது கைநாட்டுக்காரன் மூளையில் உதித்த யோசனை என்று யாராவது சொல்லமுடியுமா? கணக்குத் தெரிந்தவன், ஆளை எப்படி நிறுத்திவைப்பது என்று படித்தவன் செய்த வேலையாகத்தான் நமக்குத் தோன்றுகிறது.

ஜவுளிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே புடவை எடுத்துப்போடும் பெண்களுக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுக்கவேண்டும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா? ஆனாலும் எல்லா முதலாளிகளுக்கும் அந்தத் தயவு தானாக வரவில்லை. 2021-ல் தமிழ்நாடு சட்டசபை சட்டம் செய்த பிறகே அது உரிமையாயிற்று.

நிற்க, பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் சொல்லுகிறது. தன் தொழிலாளிகளுக்கு மாத்திரம் செலவழிப்பது அந்தக் கணக்கில் சேராது என்பது விதி. அது சரியான விதியே என்போம். ஏனெனில் தொழிலாளிக்குச் சேரவேண்டியது கடன். அதைத் தருமக் கணக்கில் எழுத யாருக்கும் பாத்தியதை இல்லை. ஆனால் அந்த 2 பங்கைக் கொண்டு பள்ளிக்கு வெள்ளையடித்ததும் பத்திரிகையில் படம் வந்துவிடுகிறது. மீதி 98 பங்கு எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று கேட்பதற்குத்தான் ஆளைக் காணோம்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். மத்திய சர்க்கார் கல்விச்சாலைகளின் ஆசிரியர் உத்தியோகங்களில் இட ஒதுக்கீட்டுக்கு 2019-ல் சட்டம் வந்தது. சில மாதங்களுக்குள், 2020 ஜனவரியில், 20 ஐ.ஐ.எம்.கள் தங்களுக்கு அதிலிருந்து விலக்கு வேண்டுமென்று சர்க்காரிடம் கேட்டிருப்பதாகச் செய்தி வெளியாயிற்று. சமூகப் பொறுப்பைக் கற்றுக்கொடுக்கிறவர்கள், அந்தச் சமூகத்தின் பெரும்பகுதி ஜனங்கள் ஆசிரியராக வந்து பக்கத்தில் உட்காருவதற்கு மாத்திரம் தயங்குகிறார்கள் என்றால், அந்தப் பாடத்துக்கு என்ன யோக்கியதை இருக்கும்?

ஆகவே நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போகக்கூடாதென்று நாம் சொல்லுகிறோமா? இல்லவே இல்லை. கட்டாயம் போகவேண்டும். பருத்தி ஆய்ந்தவள் மகளும், தறி நெய்தவன் மகனும் மானேஜர் நாற்காலியில் உட்காரவேண்டும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் தன் அத்தை மகளுக்கே மூன்று வருஷத் திட்டம் போடுகிறவர்களாக ஆகிவிடக் கூடாது.

அதற்குப் பள்ளிகள் செய்யவேண்டியது என்ன? தயாள குணத்தைப் பற்றிய உபந்நியாசத்தைக் குறைத்துக்கொண்டு, சம்பளச் சட்டம், சங்கம் வைக்கும் உரிமை, பத்துப்பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்கக் குழு வைக்கவேண்டுமென்ற 2013-ம் வருஷத்துச் சட்டம் ஆகியவற்றைக் கணக்குப் பாடத்துக்குச் சமமாகப் போதிக்கவேண்டும். மாணவர்களைச் சில மாதமாவது மில் விடுதியில் தங்கி, இரவு முறை வேலை பார்க்கச் செய்யவேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்களைக் கல்லூரிக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய மரியாதையும் சம்பளமும் கொடுத்துப் பேசச் சொல்லவேண்டும்.

தொழிலாளத் தோழர்களும் நல்ல மானேஜர் வருவார் என்று காத்திருக்கக் கூடாது. நல்லவர் வந்தால் சந்தோஷந்தான். அவர் மாறிப்போனால் அடுத்தவர் எப்படியோ? சட்டத்தை அறிந்து, சங்கமாகச் சேர்ந்து, சம்பளச் சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்துக் கணக்குக் கேட்கிற பழக்கம் தொழிலாளிகளுக்கு வந்துவிட்டால், எந்த மானேஜருக்கும் பொறுப்புணர்ச்சி வந்துதான் தீரவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.