ரெண்டாவது ஜாடி எதுக்கு மச்சான்?

டிஸ்கி: பீர் வாடையே ஆகாதவங்க இங்கேயே அப்பீட் ஆகிக்கலாம். தப்பில்லை.

நான் ஆணி பிடுங்குறது புனேயில. இங்க லைசென்ஸ் இல்லாம வீட்டுல பீர் காய்ச்சினா மதுவிலக்குச் சட்டத்துல உள்ள போகணும். அதனால நமக்கு வேடிக்கை பாக்கிற வேலை மட்டும்தான். காய்ச்சுறது நியூஜெர்சியில இருக்கிற மச்சான், தங்கமணியோட அண்ணன். அமெரிக்காவுல 1978-ல கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்தால, பெரியவங்க ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் மத்திய வரி இல்லாமலே காய்ச்சிக்கலாம்.

லீவுக்குப் போயிருந்தோம். போன அன்னைக்கே ஆசையா முதல் பாட்டிலைத் திறந்தார். பொன் நிறத்துல இருக்கவேண்டியது டீ டிகாக்‌ஷன் கலர்ல வந்துச்சு. மூக்குகிட்ட கொண்டுபோனா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம். 19 லிட்டரும் சிங்க்ல போச்சு. நாலு வார உழைப்பு. பையன் வேற பாட்டில் கழுவிக் கொடுத்திருக்கான், பாவம். அக்கா ஒரு வார்த்தை பேசலை. அது திட்டுறதை விட மோசம்.

அதுகூடப் பரவாயில்லைங்க. "அடுத்த தடவை இதைவிட நல்ல ரெண்டாவது ஜாடி வாங்கணும் மாப்ளே"ன்னார் பாருங்க, அங்கதான் எனக்கு ஏறிடுச்சு. கெடுத்ததே அந்த ரெண்டாவது ஜாடிதான்!

விஷயம் இதான். பீர் புளிச்சு முடியுற சமயத்துல காய்ஞ்ச ஹாப்ஸைப் போட்டு ஊறவைப்பாங்க. கொதிக்கும்போது போட்டா கசப்பு இறங்கும், மணம் ஆவியோட போயிடும். மணம் வேணும்னா சூடு இல்லாம ஊறணும். ரசத்தை இறக்கினப்புறம் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடுற மாதிரி. எந்த வீட்டுலயாவது கொத்தமல்லி போடுறதுக்குன்னு ரசத்தை வேற பாத்திரத்துக்கு மாத்துவாங்களா?

மச்சான் மாத்தினார். ட்யூப் வெச்சு பக்கெட்ல இருந்து கண்ணாடி ஜாடிக்கு இறக்கினார். அந்த நேரத்துல காத்து கலந்துச்சு. பத்தாததுக்கு ஜாடிக் கழுத்துக்குக் கீழ காலி இடம், அங்கேயும் காத்து. புளிச்சு முடிஞ்ச பீருக்கு ஆக்ஸிஜன்தான் எமன். ஹாப்ஸ் அதிகமா போட்ட பீருக்கு இன்னும் சீக்கிரமா வருவான்.

கேட்டா, "அடியில படிஞ்ச ஈஸ்ட் செத்து அழுகிடும்"னு ஒரு பயம். இது பெரிய ஃபாக்டரிக் கதை. பல மீட்டர் உயரத் தொட்டி, மேல அவ்வளவு பீரோட எடை, அடியில சூடு. அங்க அது நிஜம். சமையலறை மூலையில இருக்கிற 19 லிட்டர் பக்கெட்டுக்கு மூணு நாலு வாரத்துல ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது ஜாடிக்கு மாத்தச் சொல்லிக்கொடுத்த ஜான் பாமரே, சாதாரண ஏல் வகைக்கு அது வேண்டாம்னு பின்னாடி மாத்திக்கிட்டார். கடைக்காரன் மட்டும் மாத்திக்கலை. அவனுக்கு ஜாடி விக்கணுமே.

இன்னொரு கூத்து, நம்ம ஊர் பேரையே தாங்குற இந்தியா பேல் ஏல். லண்டன்ல இருந்து கல்கத்தாவுக்கும் மெட்ராஸுக்கும் மாசக்கணக்கில கப்பல்ல வந்த சரக்கு. கப்பல் ஏறுற பீப்பாய்க்குள்ளேயே ஹாப்ஸைப் போட்டு அடைச்சு அனுப்பினாங்க. நன்னம்பிக்கை முனையைச் சுத்தி வரும்போது யாரு ஜாடி மாத்தினது?

ஹாப்ஸ்ல ஒரு நிஜமான வம்பு இருக்கு, அதை மறைக்க மாட்டேன். அதுல இருக்கிற நொதிகள், ஈஸ்ட் விட்டுவெச்ச மாவுச்சத்தை உடைச்சு மறுபடி புளிக்க விடும். பிரௌனும் மோரிஸும் 1893-லயே எழுதிட்டாங்க. அவசரப்பட்டு அடைச்சா பாட்டில் வெடிக்கும், வெண்ணெய் வாசமும் வரும். ஆனா அந்த வெண்ணெய் வாசத்தைத் தின்னு தீர்க்கிறது யாரு? ஈஸ்ட். அது எங்க இருக்கு? மச்சான் விட்டுட்டு வந்த பழைய பக்கெட்டோட அடியில!

அதனால: ஹைட்ரோமீட்டர் அளவு இறங்கி நிக்கப்போகுதுன்னு தெரியும்போது, ஈஸ்ட் இன்னும் கொஞ்சம் முழிச்சிருக்கும்போதே, 50 கிராம் ஹாப்ஸைக் கொதிக்கவெச்ச மஸ்லின் துணியில கட்டி அதே பக்கெட்ல போடுங்க. மூடியைத் திறக்கும்போது நுழையுற கொஞ்சநஞ்ச காத்தை ஈஸ்டே முழுங்கிடும். நாலு நாள் போதும். அளவு ரெண்டு மூணு நாள் அசையாம நின்னா பாட்டில். அவ்வளவுதான்.

பழம் போட்டு மறுபடி புளிக்கவைக்கணும், ஆறு மாசம் ஊறணும்னா ரெண்டாவது ஜாடி வாங்குங்க, நான் வாயே திறக்கலை.

மச்சான் இன்னும் முழுசா ஒத்துக்கலை. "பாத்துக்கலாம் மாப்ளே"ன்னு போன வாரம் அடுத்த பேட்ச் போட்டிருக்கார், ஒரே பக்கெட்ல. ஜாடி எங்கேன்னு கேட்டேன். அக்கா அதுல மணி பிளான்ட் வெச்சுட்டாங்களாம்.