எந்தக் காலனி?

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின். அதற்குப் பத்து மாதம் முன்பே, கேரளத்தில் அமைச்சர் கே.ராதாகிருஷ்ணன் பதவி விலகும்போது இதே போன்ற ஓர் ஆணையில் கையெழுத்திட்டிருந்தார். போடிமெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சொல்லுக்கு விடைகொடுத்தாயிற்று. வரவேற்போம். ஆனால் அந்தச் சொல் எப்படி இழிசொல் ஆனது என்று இரண்டு அரசுகளும் பேசவில்லை என்றால், நாம் பேசியாக வேண்டும்.

லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் உழவர். உழவர் குடியேறிய இடம் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்த ஊர்ப் பெயரில்தான் இன்றும் வாசனைத் திரவியம் விற்கிறார்கள். நாடு பிடித்தவர்கள் வாயில் அது அடிமை நாட்டைக் குறித்தது. நம்மூரில் ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி, ஹவுசிங் போர்டு காலனி என்று எத்தனையோ உண்டு. அங்கே குடியிருக்கும் யாரும் முகவரியை மறைப்பதில்லை. முன்னால் எதுவும் ஒட்டாமல் வெறும் 'காலனி' என்றால் மட்டும், ஊருக்கு வெளியே உள்ள தலித் குடியிருப்பு.

ஆய்வுக்காகப் போடியில் வாடகைக்கு வீடு பார்த்தபோது என் சொந்த முகவரியைச் சொன்னேன். "எந்தக் காலனி தம்பி?" என்றார் வீட்டுக்காரர். அகராதியில் இல்லாத பொருள் அத்தனையும் அந்த 'எந்த'வில் இருந்தது.

போடியிலிருந்து மலையேறினால், நெடுங்கண்டம் அருகே ஏலமலையில் பட்டம் காலனி இருக்கிறது. 1950-களின் நடுவில் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் குடியேற்றத் திட்டத்தில் உருவானது. குடும்பத்துக்கு 5 ஏக்கர். முதலமைச்சராக இருந்த பட்டம் தாணுப்பிள்ளையின் பெயரையே வைத்தார்கள். அங்கே காலனி என்றால் நிலம் கிடைத்த இடம். அடிவாரத்தில் அரசு கட்டித் தந்த காலனியிலோ சில சென்ட் மனை மட்டும். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, ஏலக்காட்டில் களையெடுத்து, காய் பறித்து, இருட்டும்போது இறங்கி வருகிறவர்களில் பலர் இந்தக் காலனிக்காரர்கள். அவர்கள் பறித்த காய் போடியில் ஏலம் போகிறது. லத்தீன் அர்த்தப்படி பார்த்தால் உண்மையான கொலோனஸ் இவர்கள்தான். நிலம்தான் இவர்களுடையது அல்ல.

ஆக, ஒரே மலையில் ஒரே சொல். ஏக்கரோடு வந்த இடத்தில் கௌரவம், ஏக்கர் இல்லாத இடத்தில் இழிவு. சொல்லுக்குப் பொருள் தருவது நிலமும் சாதியும்தான்.

'சேரி'க்கும் இதுதான் நடந்தது. ஒரு காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் எந்த இடமும் சேரிதான், பார்ப்பனச்சேரியும் இருந்தது. ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டிலேயே 'தீண்டாச்சேரி' வந்துவிட்டது. பிறகு சேரியை மாற்றி ஹரிஜன் காலனி, ஆதிதிராவிடர் காலனி என்றார்கள். இனி 'நகர்' என்பார்கள். பத்து வருடத்தில் "எந்த நகர் தம்பி?" என்று கேட்கப் பழகிக்கொள்ளும் சாதி. 'ஹரிஜன்' என்ற பெயரைச் சட்டத்தில் ஏற்ற முனைந்தபோது, 1938-இல் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கர் வெளிநடப்புச் செய்தார். நிலைமையை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

பெயர் மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாதிச் சான்றிதழிலும் ரேஷன் அட்டையிலும் குத்திக்கொண்டிருந்த முள்ளை எடுப்பது நல்லதுதான். அதை விடுதலை என்று கொண்டாடச் சொன்னால்தான் கோபம் வருகிறது. 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே? அதைக் கேட்டு 1994-இல் நடந்த காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

பெயர்ப்பலகையை மாற்றப் போகும் அதிகாரிகள் கையோடு ஒரு கணக்கும் எடுத்து வரட்டும். ஒவ்வொரு காலனியிலும் எத்தனை குடும்பத்துக்குப் பட்டா இருக்கிறது, எத்தனை பேருக்கு விளைநிலம் இருக்கிறது, சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா, பக்கத்துப் பஞ்சமி நிலம் யார் பெயரில் இருக்கிறது? அந்தப் பட்டியலைப் புதிய பெயர்ப்பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டட்டும்.