ஓடும் ஆம்புலன்ஸில் பிரசவம்: பொம்மையை வைத்துப் பழகினால் கை வருமா?

மணமேல்குடி பக்கம் ஒரு கிராமத்தில் நள்ளிரவில் வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 108 வந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி அறந்தாங்கியில். சிக்கலான கேஸ் என்றால் புதுக்கோட்டை ராணியார் மருத்துவமனை வரைக்கும் போக வேண்டும். குழந்தை அதுவரை காத்திருக்குமா? தலை தெரிந்துவிட்டால் பைலட் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். அதன்பிறகு உள்ளே இருக்கும் ஒரே ஒரு மருத்துவ உதவியாளர் கையில் இரண்டு உயிர்.

அந்த ஒருவர் இதற்கு முன்பு எத்தனை பிரசவம் பார்த்திருப்பார் என்பதுதான் கேள்வி. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் பிரசவ அறையில் கைவைக்கும் வாய்ப்பு முதலில் டாக்டர், நர்ஸ் படிப்பவர்களுக்குத்தான். எமர்ஜென்சி கேர் படிக்கும் மாணவர் ஓரமாக நின்று பார்த்ததோடு சரி.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் சிமுலேஷன். நார்வேயின் லேர்டால் நிறுவனம் தயாரிக்கும் 'மாமா நேட்டலி'யை, பயிற்சி தருபவரே வயிற்றில் கட்டிக்கொண்டு வலியில் கத்துவார். குழந்தை பொம்மையை எப்போது வெளியே விடுவது, எவ்வளவு 'ரத்தம்' ஓடவிடுவது எல்லாம் அவர் கையில். எதிரே இருக்கும் மாணவருக்கு நிஜமாகவே வியர்க்கும். (புது யோசனை இல்லை. 1759-இல் பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயி, தூ குத்ரே என்ற மருத்துவச்சியை துணிப் பொம்மையோடு நாடெங்கும் பாடம் எடுக்க அனுப்பினார்.)

பழக வேண்டியது கடிகாரத்தோடு போட்டி. பிறந்த குழந்தையைத் துடைத்து, முதுகைத் தேய்த்தும் அழவில்லையா? ஒரு நிமிடத்துக்குள் மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். அதே நிமிடத்தில், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று பார்த்துவிட்டு, தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போட வேண்டும். ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

பலன் இருக்கிறதா? இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் சவுத்மீட் மருத்துவமனையில், தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்தது. ஆனால் அங்கே பிரசவ வார்டு ஊழியர்கள் எல்லோருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி. படிக்கும்போது ஒருமுறை செய்து, சர்டிபிகேட் வாங்கியதோடு விட்டுவிட்டால் கை மறந்துபோகும்.

இன்னொன்று, ஏசி அறையில் மேஜை மேல் பொம்மையை வைத்துப் பழகுவதும், குறுகலான வண்டிக்குள் மங்கலான வெளிச்சத்தில் மண்டியிட்டுச் செய்வதும் ஒன்றல்ல. ஒரு கை கர்ப்பப்பை மேல் இருக்கும்போது குழந்தைக்கு யார் மூச்சு கொடுப்பது? அந்த இடத்தில் மிச்சம் இருப்பது பைலட் மட்டும்தான். அவரையும் இந்தப் பயிற்சிக்கு உட்கார வைக்கணும்.