நாற்பத்தைந்தில் தொடங்கட்டும் நினைவின் காவல்

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை (நிலக்கடலை) ஏலம் முடிந்ததும், எடைச்சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் மொத்தத் தொகையை மனக்கணக்காகவே சொல்லிவிடும் ஐம்பது வயது விவசாயிகள் நம்மிடையே உண்டு. எழுபதிலும் அந்தக் கூர்மை நிலைக்குமா என்பதை வயது மட்டும் முடிவு செய்வதில்லை. இன்று அவர்களுக்கு இருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, காதுகேட்கும் திறன், மனநிலை, பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.

‘வயசானா மறதி வரத்தான் செய்யும்’ என்று சொல்லிக் கடந்துபோகிறோம். ஆனால், லண்டன் அரசு ஊழியர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வு, சிந்தனைத் திறனின் சரிவு 45 வயதிலேயே தொடங்கிவிடுவதைக் காட்டியது. மறதிநோய் குறித்து ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் களைந்தால், உலகில் இந்நோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுண்டு என்றது. அவற்றில் பெரும்பாலானவை நடுவயதுக்கு உரியவை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. பெண்கள், கிராமத்தார், பள்ளிப்படிப்பு வாய்க்காதவர்கள் ஆகியோரிடம் இது கூடுதல்.

இந்த மூன்றும் ஒருசேர அமைந்தவர்கள் விழுப்புரம் மாவட்டத்தில் ஏராளம். இன்று அறுபதைத் தொடும் பெண்களில் எத்தனையோ பேர் களையெடுக்கவும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவும் பள்ளியை விட்டவர்கள். படிப்பு மூளைக்குச் சேமிப்பு. அந்தச் சேமிப்பை அவர்களுக்குத் தராதது சமூகத்தின் குறை. அதை இப்போதாவது ஈடுகட்டுவது சமூகத்தின் கடமை.

அதற்கான அடித்தளம் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 45 வயதைக் கடந்தவர்களுக்கு பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனாலும் ‘தலைசுத்தல் நின்னுபோச்சி, இனி மாத்திரை எதுக்கு?’ என்று பாதியில் நிறுத்துபவர்கள் பலர். தலைசுற்றல் இல்லாமலே ரத்த அழுத்தம் உயர்ந்திருக்கலாம். மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிச் சிதைக்கும். மாத்திரை தர வரும் ஊழியர் இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம்: காது கேட்பதில் சிரமம் இருக்கிறதா? மனச்சோர்வு இருக்கிறதா? அன்றாடக் கணக்கு வழக்கில் புதிதாகத் தடுமாற்றம் உண்டா? ஆம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை அவரை அனுப்பிவைக்கும் தெளிவான ஏற்பாடு வேண்டும். காதுக்கருவி மாட்டிக்கொள்வதை வெட்கமாக நினைக்காத மனம் குடும்பத்தில் வேண்டும்.

அரசால் மட்டும் இது ஆகாது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுச் செல்கிறது. அதில் நேரும் விபத்தில் இளவயதில் ஹெல்மெட் இல்லாமல் வாங்கும் தலைக்காயம் பின்னாளின் மறதிக்கும் காரணமாகலாம். மகன் வண்டியை எடுக்கும்போதே ‘ஹெல்மெட் போட்டுக்கப்பா’ என்று சொல்வதில் அவனது முதுமையின் நலனும் அடங்கியிருக்கிறது. குடியும் புகையும் அப்படித்தான். கண்டிப்போடு, அவற்றிலிருந்து மீளக் கைகொடுப்பதும் உறவினரின் பொறுப்பு. தனிமையும் ஒரு காரணி. ஆகவே நூலகங்கள் மாலையில் பெரியவர்களுக்கான வாசிப்பு வட்டங்களை நடத்தலாம். மகளிர் குழுக்கள் கூட்டக் கணக்கை எழுதும் வேலையை, எழுத்து பழகிவரும் மூத்த உறுப்பினருக்கும் முறைவைத்துத் தரலாம். நெல் மண்டி, கரும்பு ஆலை, பஸ் டெப்போ நிர்வாகங்கள் ஆண்டுக்கொரு முறை தொழிலாளர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, செவித்திறன் சோதனை நடத்துவது பெரிய செலவல்ல.

இதில் கட்சிப் பிரிவினைக்கு இடமில்லை. மறதிநோய் வந்த பெரியவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் சுமை எல்லா வீட்டுக்கும் ஒன்றே. பெரும்பாலும் அது மகள்கள், மருமகள்கள் தலையில்தான் விழுகிறது. எனவே அடுத்த கிராமசபையில் ஒவ்வொரு ஊராட்சியும் நாற்பத்தைந்தைக் கடந்தோரின் பரிசோதனைக்கு ஒரு நாள் குறிக்கட்டும். அந்த நாளில் ஊரை அழைத்துவரும் பொறுப்பை எல்லாக் கட்சியினரும் இளைஞர் மன்றங்களும் சேர்ந்து ஏற்கட்டும்.